பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுக்கணும்: மூன்று கொட்டேஷன், மூன்று விலை, யாரை நம்புவது?

கிழக்கு_தாம்பரம்

எல்லோருக்கும் வணக்கம். 1998ல் கட்டின தரைத்தள வீடு, 900 சதுர அடி. கான்கிரீட் தூண் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குது. மொட்டை மாடியில சுருக்கி (செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம்) போட்டு தட்டோடு பதிச்சிருக்கு. இப்ப அதே அளவுக்கு மாடி எடுக்கணும், கீழே இருக்கற ஒரு பாத்ரூமையும் முழுசா இடிச்சுப் புதுசா செய்யணும். வேலை நடக்கறப்ப நாங்க கீழேயே குடியிருப்போம்.

மூணு பேர்கிட்ட விலை வாங்கியாச்சு. முதல் ஆள் சதுர அடிக்கு 1,950, ரெண்டாவது ஆள் 2,350, மூணாவது ஆள் 2,700. எல்லாமே மெட்டீரியலோட. மூணு பேரும் மொட்டை மாடியில ஒரு நடை நடந்து பார்த்துட்டு "தாராளமா தாங்கும் சார்"னு சொன்னாங்க. இவங்கள்ல நம்பகமான ஆளை எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?

தூக்குகுண்டு

விலைக்குப் போகறதுக்கு முன்னாடி ஒண்ணு. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காம யாராலயும் "தாங்கும்"னு சொல்ல முடியாது. மூணு பேருமே சொல்லியிருக்காங்கன்னா, அந்தக் கேள்விக்கு மூணு பேர் பதிலையும் ஒதுக்கி வெச்சுடுங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைத் தனியா, நீங்களே ஃபீஸ் கொடுத்துக் கூப்பிடுங்க. அவர் இந்த மூணு பேர்ல யாரோட ஆளாவும் இருக்கக்கூடாது.

சோதனைக் குழி ரெண்டு வேணும். ஒண்ணு வெளிச்சுவர் ஓரமா, ஒண்ணு ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவர் ஓரமா. மூணுக்கு மூணு அடி, அஸ்திவாரக் கடைக்காலோட அடிமட்டம் தெரியற வரைக்கும். ஒண்ணை மூடிட்டுத்தான் அடுத்ததைத் தோண்டணும், மழைக்காலத்துல தோண்டவே வேண்டாம். பார்க்க வேண்டியது: அடியில அகலம் எவ்வளவு, கருங்கல் கட்டு சிமென்ட் கலவையா சேறா, அடியில கான்கிரீட் படுக்கை இருக்கா, கீழ இருக்கறது களிமண்ணா மணலா.

நடுச்சுவரை ஏன் தனியாப் பார்க்கணும்னா, அதுக்கு ரெண்டு பக்கத்து தளத்தோட பாரமும் வருது. தோராயக் கணக்கு இது. 9 அங்குலச் சுவர் 10 அடி உயரத்துக்கு மீட்டருக்கு 1.4 டன். ரூம் அகலம் 3.5 மீட்டர்னா, ஒரு தளத்துலேருந்து நடுச்சுவருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 2.4 டன். கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் சேர்த்தா மீட்டருக்கு 7.6 டன், அஸ்திவாரத்தோட சொந்த எடை தனி. கடைக்கால் அகலம் 75 செ.மீ.னா சதுர மீட்டருக்கு 10 டன்னுக்கு மேல மண்ணு தாங்கணும். வெளிச்சுவருக்கு இதுல மூணுல ரெண்டு பங்குதான் வரும். கெட்டியான மண்ணுல இது பிரச்சினையே இல்ல. ஏரிக்கரை ஓரக் களிமண்ணா இருந்தா எல்லையில நிக்குது. தாம்பரம் பக்கம் ஒரே நகர்ல ரெண்டு வகையும் இருக்கும், அதனால பக்கத்து வீட்டுல மாடி நிக்குதேங்கற சமாதானம் செல்லாது.

அடுத்தது மேல இருக்கற சுருக்கி. நாலு அங்குலச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் சதுர மீட்டருக்கு 180 கிலோ வரும். உங்க 900 சதுர அடிக்கு அது 15 டன். அதை முழுசா எடுத்துட்டுத்தான் மேல தரை போடணும். "அதும் மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம்"னு சொல்ற ஆளை அங்கேயே நிறுத்திடுங்க. அதே மாதிரி மேல வர்ற சுவர் எல்லாம் கீழ இருக்கற சுவர் மேலயே உட்காரணும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்கூட மீட்டருக்கு 700 கிலோ. அதை வெறும் தளத்துக்கு நடுவுல வெச்சா கீழ் ரூம் சீலிங்குல நீளமா விரிசல் விழும்.

பழைய தளத்தோட அடிப்பக்கத்தைச் சுத்தியலால தட்டிப் பாருங்க. பொள்ளுன்னு சத்தம் வந்தா பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டுப் பிரிஞ்சிருக்கு. துரு உப்பி கம்பி வெளிய தெரியுதுன்னா, முதல்ல ரிப்பேர், அப்புறம்தான் மாடி.

அளவுநாடா

தூக்குகுண்டு சொன்ன ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடமிருந்து வரைபடம் கைக்கு வந்த பிறகு, அதே வரைபடத்தை மூவருக்கும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒப்பிட முடியாத மூன்று எண்கள்.

முதலில் பரப்பளவு. சதுர அடி விலை சொல்பவர் எதையெல்லாம் சதுர அடியாக எண்ணுகிறார் என்று எழுதி வாங்குங்கள். வெளிச்சுவரின் வெளிப்புற அளவு என்பது வழக்கம். சிலர் சன்ஷேடையும் முழுதாக எண்ணுவார்கள், படிக்கட்டை இரண்டு முறை எண்ணுவார்கள், பால்கனிக்கும் முழு விலை போடுவார்கள். 1,950 ரூபாய்க்காரர் 1,080 சதுர அடி என்று கணக்கிட்டால் 21,06,000 ஆகிறது. 2,350 ரூபாய்க்காரர் 900 என்று கணக்கிட்டால் 21,15,000. சதுர அடிக்கு 400 ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது மொத்தத்தில் 9,000 ரூபாய்தான்.

இரண்டாவது, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. மெட்டீரியலோடு சேர்ந்த ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம். 21,15,000க்கு அது 3,80,700. கொட்டேஷனில் "வரி தனி" என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயர், பதிவான தேதி, எண் நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். "இருபது வருட அனுபவம்" என்று கார்டில் போட்டிருப்பவரின் பதிவு போன வருடத்தியது என்றால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது, மாடி வேலைக்கே உரிய செலவுகள். மணல், ஜல்லி, செங்கல் மேலே ஏற்றும் கூலி யாருடையது? சாரம், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) தகடு, கலவை மெஷின், வைப்ரேட்டர் வாடகை? பழைய சுருக்கி, கைப்பிடிச் சுவர் இடித்த ரப்பிஷ் அகற்றுவது? அந்த 15 டன் சும்மா போகாது, பல லோடு. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, கேபிள், சோலார் ஹீட்டர் இறக்கி ஏற்றுவது? பெயின்ட் எத்தனை கோட், பட்டி எத்தனை கோட்? இவற்றில் எது விட்டுப்போனாலும் பாதி வேலையில் "எக்ஸ்ட்ரா" என்று வரும்.

நான்காவது, "அல்லது அதற்கு இணையான" என்ற சொற்றொடர். கொட்டேஷனில் நல்ல கம்பெனிப் பெயர் போட்டு, பக்கத்தில் இதைச் சேர்த்துவிட்டால் எதையும் இறக்கலாம். அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: கம்பி எஃப்இ 500டி தரம், ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய எண்) 1786 முத்திரையோடு. சிமென்ட் பிபிசி (போசோலானா கலந்த வகை), ஐஎஸ் 1489, மூட்டையில் அச்சிட்ட வாரம் தெரியும்படி, மூன்று மாதத்துக்கு மேல் பழசாகாதது. கட்டுவேலைக்கு எம்சாண்ட் (ஆலையில் உடைத்த மணல்), பூச்சுக்கு பிசாண்ட் (அதில் நைசான வகை), பொதுப்பணித்துறை அங்கீகாரம் பெற்ற ஆலையிலிருந்து. ஒயர் ஐஎஸ் 694, லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. பாத்ரூம், கிச்சன் பக்கப் பிளைவுட் ஐஎஸ் 710. இப்படி எழுதித் தரத் தயங்காதவர் யார், "அதெல்லாம் எதுக்கு சார், நம்மகிட்ட எல்லாம் ஒரிஜினல்தான்" என்பவர் யார் என்பதில் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கரண்டி_கலவை

இவ்வளவு தலைவலி எதுக்கு? லேபர் காண்ட்ராக்ட் விடுங்க. மெட்டீரியல் நீங்க வாங்குங்க, மேஸ்திரிக்குக் கூலி மட்டும். திருட்டுச் சிமென்ட், மட்டக் கம்பிங்கற பயமே இல்ல. ஜிஎஸ்டியும் கூலி மேல வராது.

அளவுநாடா

பாதி ஒப்புக்கொள்கிறேன். பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் வேலைத்தரம் அப்போதும் மேஸ்திரி கையில்தான். அதோடு சேதாரம் முழுவதும் உங்கள் தலையில். கூலி மட்டும் வாங்குபவருக்கு உடையும் செங்கல், ராத்திரி கெட்டிப்பட்டுப்போகும் கலவை, 12 மீட்டர் கம்பியில் வெட்டி எறியும் துண்டு எதுவும் வலிக்காது. வரிவிலக்கும் எல்லா லேபர் வேலைக்கும் தானாகக் கிடைப்பதில்லை. தனி வீட்டின் புதுக் கட்டுமானத்துக்கான கூலி ஒப்பந்தத்துக்குத்தான் அந்த விலக்கு, ரிப்பேர் வேலைக்கு அல்ல. உங்கள் பாத்ரூம் வேலையையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டால் கேள்வி வரும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபர் காண்ட்ராக்ட் யாருக்குச் சரி? தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்துக்கும் சைட்டில் நிற்க முடிந்தவருக்கு, அடுத்த வாரம் என்ன பொருள் தேவை என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவருக்கு. ஜல்லி வராமல் எட்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் அந்தக் கூலியும் உங்களிடமே கேட்கப்படும். வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் நடுவழி ஒன்று உண்டு. கம்பி, சிமென்ட், டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் நீங்கள், மற்றதெல்லாம் அவர். இதில் சிமென்ட், கம்பி இரண்டுக்கும் வரைபடத்தின்படி அளவு முதலிலேயே எழுதி, அதற்கு மேல் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் அவர் பொறுப்பு என்று போட வேண்டும்.

ரசமட்டம்

காண்ட்ராக்டர் பக்கத்துலேருந்து எழுதறேன். எல்லாரும் செய்யற ஒண்ணு, முடிஞ்ச வீட்டைப் போய்ப் பார்க்கறது. பெயின்ட் அடிச்ச புது வீடு எதையும் காட்டாது. ரெண்டு இடம் கேளுங்க: இப்ப நடக்கற சைட் ஒண்ணு, முடிஞ்சு குறைஞ்சது மூணு வருஷம் ஆன வீடு ஒண்ணு. நடக்கற சைட்டுக்குச் சொல்லாம போங்க.

நடக்கற சைட்டுல என்ன பார்க்கறது? சிமென்ட் மூட்டை பலகை மேல, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கியிருக்கா, தரையிலயே கிடக்கா. தளத்துக்குக் கம்பி கட்டியிருந்தா அடியில கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தற சின்னக் கட்டை) இருக்கா, இல்ல உடைஞ்ச ஜல்லியைச் சொருகி வெச்சிருக்காங்களா. தூண், பீம் கம்பிகளைச் சுத்தற ரிங்குகளோட கொக்கி உள்பக்கமா நல்லா மடங்கி 135 டிகிரிக்கு இருக்கணும். வெறும் 90ல நின்னா பாரம் வர்றப்ப விரியும். சென்ட்ரிங் பிரிச்ச தூண், பீம் அடியில ஜல்லி தெரியற ஓட்டைகளைப் பார்த்தா பதறாதீங்க, அதை எப்படிச் சரி பண்றாங்கன்னு பாருங்க. சும்மா கலவையால மெழுகி மறைச்சிருந்தா அந்த ஆள் வேண்டாம். கட்டின சுவர் மேல கையை வைங்க. நேத்து கட்டினது காஞ்சு கிடந்தா கியூரிங்குக்கு (தண்ணி ஊத்தி ஈரமா வெக்கறதுக்கு) ஆள் இல்லைன்னு அர்த்தம்.

மூணு வருஷ வீட்டுல உள்ளே சோபா, சீலிங் எல்லாம் பார்க்காதீங்க. பாத்ரூமோட வெளிச்சுவர், ஜன்னல் சில் ஓரம், சன்ஷேட் அடிப்பக்கம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை. ஓதம் இந்த நாலு இடத்துலதான் முதல்ல வரும். பீமும் செங்கலும் சேர்ற கோட்டுல நேரா ஒரு மெல்லிசு விரிசல் ஓடுதுன்னா பூசறப்ப அங்க சிக்கன் மெஷ் (மெல்லிசுக் கம்பி வலை) அடிக்கலை. டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால தட்டுங்க, மூலையில பொள்ளுன்னு கேட்டா அடியில கலவை முழுசா இல்ல.

அந்த வீட்டுக்காரர்கிட்ட "ஆள் எப்படி"னு கேட்காதீங்க, எல்லாரும் "பரவாயில்ல"ம்பாங்க. மூணு கேள்வி போதும். முதல்ல சொன்ன தொகைக்கும் கடைசியா கொடுத்த தொகைக்கும் வித்தியாசம் எவ்வளவு, எதுக்காக? பணம் முழுசும் வாங்கின பிறகு கூப்பிட்டா வந்தாரா? வேலை எத்தனை நாள் ஆள் இல்லாம நின்னுது?

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். நாங்களும் வீட்டுக்காரரை எடை போடுவோம். வரைபடம் இல்லாம "ஆரம்பிங்க, போகப்போகப் பார்த்துக்கலாம்"னு சொல்ற இடத்துல ஒழுங்கான ஆள் பின்வாங்குவான், இல்லன்னா பாதுகாப்புக்கு விலையை ஏத்திச் சொல்வான். முதல் சந்திப்புலயே அஸ்திவாரம், பழைய வரைபடம், அனுமதி, தண்ணி எங்கேருந்து, மெட்டீரியல் இறக்க இடம் இருக்கான்னு கேட்டுக் குடையற ஆள் வேலை தெரிஞ்ச ஆள். அதேபோல ஒரே நேரத்துல எத்தனை சைட் ஓடுது, உங்க சைட்டுக்கு நிரந்தர மேஸ்திரி யார்னு கேளுங்க. பேசறது ஒருத்தர், வேலை உள்குத்தகைக்குப் போறது வேற ஒருத்தர்கிட்டன்னா, அந்த வேற ஒருத்தரோட சைட்டைத்தான் நீங்க பார்த்திருக்கணும்.

கிழக்கு_தாம்பரம்

ரொம்ப நன்றி. கேட்டுப் பார்த்தேன். அளவுநாடா சொன்னது அப்படியே நிஜம். 1,950காரர் சன்ஷேட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து 1,080னு எடுத்திருக்கார், வரியும் தனி. 2,350காரர் 900தான், வரி சேர்த்து. 2,700காரர் மட்டும் "இன்ஜினியர் ரிப்போர்ட் வந்த பிறகு விலையை மாத்தித் தர்றேன்"னு சொன்னார். முதல் ஆள் 40 சதவீதம் அட்வான்ஸ் கேட்கறார், "கம்பி விலை ஏறுது, இப்பவே வாங்கிப் போட்டுடலாம்"ங்கறார். அனுமதியும் தேவையில்லை, மாடிக்கெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்கன்னும் சொல்றார்.

நுகர்வோர்_வழக்கு

மாடிக்கும் திட்ட அனுமதி கட்டாயம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கூடுதல் தளத்துக்கும் பொருந்தும். 1998ல் விட்ட பக்கவாட்டு இடைவெளி இன்றைய விதிக்குப் போதுமா என்பதையும் மாநகராட்சியில் விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி வேண்டாம் என்பவர், பின்னால் நோட்டீஸ் வரும்போது உங்களோடு நிற்கமாட்டார். நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும்.

40 சதவீத அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்த நாளிலும் நீங்கள் கொடுத்த பணத்தைவிடச் சைட்டில் நிற்கும் வேலையின் மதிப்பு அதிகமாக இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பொருந்தும் பணப் பிரிவு, அதாவது கட்டம் கட்டமாகக் கொடுக்கும் முறை: ஒப்பந்தம் போடும்போது 5 சதவீதம், சுருக்கி எடுத்துச் சுவர் ஜன்னல் அடிமட்டம் வந்ததும் 10, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) முடிந்ததும் 15, தளத்துக்குச் சென்ட்ரிங்கும் கம்பியும் முடிந்து இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் 15, கான்கிரீட் போட்டுச் சென்ட்ரிங் பிரித்ததும் 15, உள் வெளிப் பூச்சு முடிந்ததும் 15, டைல்ஸ், பிளம்பிங், ஒயரிங் முடிந்ததும் 10, பெயின்ட் முடிந்து சாவி வாங்கியதும் 10, மீதி 5 நிறுத்திவைப்பு. அந்த 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகத் தாண்டிய பிறகு, அதாவது டிசம்பர் முடிந்து கொடுப்பதாக எழுதுங்கள். "ஆறு மாதம்" என்று மட்டும் போட்டால், பிப்ரவரியில் முடிந்த வேலைக்கு ஆகஸ்டில் பணம் போய்விடும். மழையே பார்த்திருக்காது.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில். வரைபடம், பொருள் பட்டியல், பணப் பிரிவு மூன்றையும் இணைப்பாக வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து. கூடுதல் வேலை எதுவானாலும் தொடங்கும் முன் தொகையோடு எழுத்தில் ஒப்புதல், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. தொடர்ந்து 15 நாள் ஆள் வராவிட்டால் நோட்டீஸ் கொடுத்து வேறு ஆளை வைக்கலாம் என்ற பிரிவு அவசியம் வேண்டும். அது இல்லாமல் பாதியில் நின்ற வேலையை அடுத்தவர் தொடமாட்டார். பணம் எல்லாம் வங்கி வழியாக.

பலர் தவறாக நினைப்பது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) காப்பாற்றும் என்று. ரெரா விற்பனைக்குக் கட்டப்படும் திட்டங்களுக்கு. உங்கள் மனையில் நீங்கள் வைக்கும் காண்ட்ராக்டருக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உள்ள வழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டும் சேவை அதில் "சேவை" என்ற விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 20 முதல் 50 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கால வரம்பு இரண்டு வருடம். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேஷன்) பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போகாது, 2018ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனால் குறையைப் படமெடுத்து, தனி இன்ஜினியர் அறிக்கை வாங்காமல் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அவசரம் என்றாலும் அறிக்கைக்குப் பிறகு கை வையுங்கள்.

நீர்த்தடுப்பு

கீழ் பாத்ரூம் பத்தி யாரும் பேசலை. மாடி வந்தா அதுக்கு நேர் மேலயே மேல் பாத்ரூமும் வரும், அதனால ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

கொட்டேஷன்ல "வாட்டர்ப்ரூஃபிங் உட்பட"ன்னு ஒரே வரி இருந்தா அதுக்கு மதிப்பில்ல. பிளம்பிங் குழாய் தளத்தைத் துளைக்கிற இடத்துல சுத்தி V மாதிரி வெட்டிச் சுருங்காத கலவையால அடைக்கணும். சுவரும் தரையும் சேர்ற மூலையில கலவையால உருண்டையா ஓரம் பிடிக்கணும். அதுக்கப்புறம் பூச்சு ரெண்டு கோட், ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கா, சுவர்ல ஒரு அடி ஏத்தி, ஷவர் பக்கம் ஆறு அடி வரைக்கும். காஞ்ச பிறகு ட்ராப்பை (தண்ணி வெளியேறுற ஓட்டையை) அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடணும். சுவர்ல தண்ணி மட்டத்தைப் பென்சில்ல குறிச்சு, கீழ இருந்து சீலிங்கைப் பாருங்க. டைல்ஸ் போட்ட பிறகு இன்னொரு தடவை. இந்த ரெண்டு சோதனையையும் பணப் பிரிவுல சேர்க்கச் சொல்லுங்க. தண்ணி கட்டிச் சோதிக்கச் சம்மதிக்காத ஆள்கிட்ட பாத்ரூமைக் கொடுக்காதீங்க.

சுவருக்குள்ள போற சிபிவிசி (பிளாஸ்டிக்) தண்ணிக் குழாயைப் பூசி மூடறதுக்கு முன்னாடி கை பம்ப் வெச்சுப் பிரஷர் ஏத்தி ராத்திரி முழுக்க விடணும். காலையில கேஜ் முள் இறங்கியிருந்தா எங்கயோ ஜாயின்ட்ல பசை சரியாப் பிடிக்கலை.

தொலைவிலிருந்து

நான் தோஹாவில் இருக்கிறேன், இதே மாதிரி வேலை சொந்த ஊரில் செய்ய வேண்டும். நேரில் நிற்க முடியாதவர்கள் என்ன செய்வது?

தூக்குகுண்டு

மூடப்படற ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி நிறுத்தம் வைங்க. அந்த இடத்துல உங்க இன்ஜினியர் வந்து பார்த்து "சரி"ன்னு எழுதாம அடுத்த வேலை கிடையாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கணும். மாடி வேலைக்கு இப்படி நாலு இடம்: தளக் கம்பி கட்டின பிறகு, ஒயரிங் குழாயையும் தண்ணிக் குழாயையும் பூசி மூடறதுக்கு முன்னாடி, பாத்ரூம் தண்ணி கட்டறப்ப, கடைசி மொட்டை மாடித் தளம் ஓடு பதிக்கறதுக்கு முன்னாடி. ஒரு வருகைக்கு இவ்வளவுன்னு ஃபீஸ் பேசிடுங்க. படம் அனுப்பச் சொன்னா அளவுநாடாவை விரிச்சு வெச்சு எடுக்கச் சொல்லுங்க. சும்மா எடுத்த கம்பிப் படத்துல 6 அங்குல இடைவெளியும் 8 அங்குல இடைவெளியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கம்பி வந்த அன்னிக்கே எடை போடுங்க. முழுக் கம்பி 12 மீட்டர்: 8 மி.மீ. 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4, 12 மி.மீ. 10.66, 16 மி.மீ. 18.96. ஐஎஸ் 1786 மொத்த லாட்டுக்கு அனுமதிக்கற குறைவு 10 மி.மீ. வரைக்கும் 7 சதவீதம், அதுக்கு மேல 16 வரை 5. 12 மி.மீ. கம்பிகளோட சராசரி 10.1 கிலோவுக்குக் கீழ நின்னா திருப்பி அனுப்புங்க. கம்பியில உருட்டின லைசென்ஸ் நம்பரைப் பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா நிஜமான்னு தெரியும்.

தளம் போடற நாள்தான் ஆளோட நேர்மை தெரியற நாள். உங்க 900 சதுர அடி, 5 அங்குலத் தளத்துக்கு 375 கன அடி, 10.6 கன மீட்டர் கான்கிரீட். எம்20 தரம், சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவைக்கு கன மீட்டருக்கு 8 மூட்டை. தளத்துக்கு மட்டுமே 85 மூட்டை, பீம் தனி. காலையில அடுக்கை எண்ணுங்க, சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணுங்க. 60 சாக்குதான் இருந்தா கலவை என்னன்னு கேட்கவே வேண்டாம். அளக்கறதுக்கு 1¼ கன அடிப் பெட்டி வேணும். ஒரு மூட்டைக்கு எம்சாண்ட் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூணு பெட்டி. பாண்டு (இரும்புச் சட்டி) கணக்குல போட்டா ஆளுக்கு ஆள் குவியல் மாறும். தண்ணி மூட்டைக்கு 25லேருந்து 27 லிட்டர், எந்த நிலையிலும் 30ஐத் தாண்டக்கூடாது. மதியத்துக்கு மேல ஆளுங்க களைச்சுப்போய், கலவை சுலபமா ஓடட்டும்னு தண்ணியைக் கூட்டுவாங்க. அந்த நேரத்துலதான் மெஷின் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்.

பால்கனி, சன்ஷேட் ரெண்டையும் தனியாக் கவனிங்க. வெளியே நீட்டி நிக்கறதால பலம் தர்ற கம்பி மேல்பக்கம் இருக்கணும். கான்கிரீட் கொட்டறவங்க அது மேலயே நடந்து மிதிச்சு அடியில அழுத்திடுவாங்க. வெளிய பார்க்க எல்லாம் சரியாத்தான் தெரியும், சென்ட்ரிங் பிரிச்சதும் சுவர் ஓரமா மேல்பக்கம் விரியும். மேல் கம்பிக்கு அடியில சேர் (நாற்காலி மாதிரி வளைச்ச) கம்பி போட்டு, நடக்கப் பலகை போட்டிருக்காங்களான்னு கான்கிரீட் தொடங்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

அன்னிக்கே 15 செ.மீ. கான்கிரீட் கியூப் ஆறு எடுத்து வெச்சு, மூணை 7ஆம் நாளும் மூணை 28ஆம் நாளும் லேப்ல உடைச்சுப் பாருங்க. பிபிசி சிமென்ட்னா கியூரிங் குறைஞ்சது 10 நாள், சித்திரை வெயில்ல 14 நாள் பாத்தி கட்டித் தண்ணி நிக்கணும். முட்டுகளை 14 நாளுக்கு முன்னாடி எடுக்க விடாதீங்க.

ரசமட்டம்

காலத்தையும் சேர்த்துக்கங்க. கீழ குடியிருந்துகிட்டு மாடி எடுக்கறப்ப, சுருக்கியை எடுத்த நாள்லேருந்து புதுத் தளம் போடற வரைக்கும் உங்க தலைக்கு மேல பழைய கான்கிரீட் மட்டும்தான். தை முடிஞ்சு மழை ஓய்ஞ்சதும் தொடங்கினா ஆடிக்குள்ள தளம் விழுந்துடும், ஐப்பசிக்குள்ள வெளிப்பூச்சும் மேல் நீர்த்தடுப்பும் முடியும். செப்டம்பர்ல "உடனே ஆரம்பிச்சுடலாம்"னு சொல்றவர் உங்க வீட்டு மழையை நினைச்சுப் பார்க்கலை.

கிழக்கு_தாம்பரம்

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரை வர்ற வாரம் வரச் சொல்லியாச்சு, குழி தோண்ட ஆளும் பார்த்தாச்சு. முதல் ஆளை விட்டுட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் அனுப்ப இப்படி எழுதி வெச்சிருக்கேன்: இணைச்ச வரைபடத்துக்கு விலை, பரப்பு வெளிச்சுவர் அளவுல மட்டும், வரி சேர்த்து, சாரம், மெஷின் வாடகை, ரப்பிஷ் அகற்றம் சேர்த்து, பொருள் பட்டியல் ஐஎஸ் நம்பரோட, பணப் பிரிவு ஒன்பது கட்டம், நாலு நிறுத்தம், பாத்ரூம் தண்ணிச் சோதனை ரெண்டு தடவை. ஏதாவது விட்டுப்போச்சா?

அளவுநாடா

மேலே ஏற்றும் கூலி விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேருங்கள். மாடி வேலையில் அதிகம் சண்டை வரும் வரி அதுதான். அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னால் அதற்குத் தனியாக ஒரு தொகை கேளுங்கள், சதுர அடி விலையில் கலக்க விடாதீர்கள். கன மீட்டருக்கு, கிலோவுக்கு என்று அளந்து கொடுக்கிற வேலை அது. தோண்டிய பிறகு அளவு கூடினாலும் குறைந்தாலும் அதே விலையில் கணக்குத் தீர்க்கலாம். சதுர அடி விலைக்கும் ஒரு பிரிப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: செங்கல் கட்டு, கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் அலகு விலை. நடுவில் ஒரு சுவரை வேண்டாம் என்று விட்டாலோ கூடுதலாக ஒரு ஜன்னல் வைத்தாலோ, கழிப்பதும் கூட்டுவதும் அந்த விலையில்தான் என்று எழுதுங்கள்.

கிழக்கு_தாம்பரம்

சேர்த்துட்டேன். இன்ஜினியர் ரிப்போர்ட் வந்ததும் கடைக்கால் அகலமும் மண்ணும் என்னன்னு இங்கயே எழுதறேன்.